ஒரு பல் பின்தங்கிய டைமிங் பெல்ட்

நவம்பர் 2, ஞாயிறு

எங்கள் மாருதி 800-இன் டைமிங் பெல்ட்டை இன்று நானும் அக்கா மகனும் சேலம் கன்னங்குறிச்சி வீட்டு வாசலிலேயே மாற்றினோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒத்திசைவாகச் சுற்றவைக்கும் பல் வைத்த பெல்ட் அது. பழைய பெல்ட்டை மடக்கிப் பார்த்தால் பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஏற்காடு மலையில் உள்ள நாகலூர்த் தோட்டத்துக்கு வாரந்தோறும் மலையேறும் வண்டியில் அதை இன்னொரு மழைக்காலம் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. வண்டி கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) காலத்தது, 796 சி.சி., மூன்று சிலிண்டர். பெல்ட் இருப்பது டிரைவர் பக்கம், ஒரு கை நுழைந்தால் இன்னொரு கைக்கு இடமில்லாத சந்தில்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாலையில் அடிவாரம் வரை ஓட்டிச் சென்று, முதல் சில கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. வளைவில் வேகம் தணிந்தபின் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை; முதல் கியருக்கு மாற்றி எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டால் ஏறிவிடுகிறது. தட்டல் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மேலே போகாமல் திரும்பிவிட்டோம்.

நவம்பர் 4, செவ்வாய்

அக்கா வீட்டுக்காரர் போனில் கேட்டுவிட்டு, கார்புரேட்டரைத்தான் பார்க்கச் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் குறைப்பதில்லை என்பதால், மேலே போகப் போகக் கலவை கெட்டியாகி வண்டி சோர்வது இயல்பு. ஆனால் எங்கள் வண்டி அடிவாரத்திலேயே சோர்கிறது. இன்று காலை கோரிமேட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை சமதளத்தில் ஓட்டியபோதும் அதே நிலைதான். எனவே மலையையும் கார்புரேட்டரையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். ஒரு வேலை செய்த மறுநிமிடம் தோன்றிய குறைக்கு அந்த வேலை நடந்த இடத்தில்தான் முதலில் காரணம் தேட வேண்டும். வேறு எதையாவது திருகத் தொடங்கினால் ஒரு குறை இரண்டாகும்.

நவம்பர் 7, வெள்ளி

கோரிமேட்டில் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடமிருந்து எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வேக்யூம் கேஜையும், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜையும் வாங்கி வந்தேன். கொடுக்கும்போதே, "முள்ளு ஆடுச்சுன்னா வால்வைப் பாரு தம்பி, ஆடாம தாழ்ந்து நின்னா டைமிங்கைப் பாரு" என்றார்.

எஞ்சின் நன்கு சூடான பிறகு வேக்யூம் கேஜின் குழாயை, கலவை சிலிண்டர்களுக்குள் போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்தேன். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். சேலத்தின் உயரத்துக்கு அதில் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளலாம். எங்கள் முள் 13-இல் ஆடாமல் நின்றது. ஒரு வால்வு மட்டும் கெட்டிருந்தால் அந்தச் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் முள் துடித்திருக்கும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்தோம். பெல்ட்டை மாற்றும் முன் குறித்து வைத்திருந்தபடி மூன்று சிலிண்டரிலும் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை ஒட்டி நின்ற முள், இன்று மூன்றிலும் 125-ஐ ஒட்டியே நின்றது. மூன்றும் ஒன்றுபோல இறங்கியிருப்பதால், மூன்றுக்கும் பொதுவான ஒன்று தவறியிருக்கிறது. கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வழி திறந்திருப்பதால், உள்ளே இழுத்த கலவையில் ஒரு பகுதி மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போய்விடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இந்த இழப்பு அதிகம். வேகமாகச் சுற்றும்போது உள்நுழையும் கலவையின் வேகமே அதை ஓரளவு ஈடு செய்துவிடும். இரண்டாவது கியரில் இழுக்காத வண்டி முதல் கியரில் ஏறியதற்கான காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

பெல்ட் கவரைத் திறக்கும் முன் ஒரு சோதனை மட்டும் செய்தேன். இந்த எஞ்சினில், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம்தான் சுழற்றுகிறது; கேம் பின்தங்கினால் தீப்பொறியும் அதே அளவு பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, தீப்பொறி முன்கூட்டியே வரும் அட்வான்ஸ் பக்கம் சற்றே திருப்பினேன். ஐட்லிங் உடனே தேறியது. அக்கா மகன், "சரியாயிடுச்சு மாமா" என்று மகிழ்ந்துவிட்டான். ஆனால் வேக்யூம் முள் ஓர் அங்குலம்தான் ஏறியது. கம்ப்ரஷனுக்கும் தீப்பொறிக்கும் தொடர்பே இல்லை என்பதால், அது 125-இலேயேதான் இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் நிறுத்திவிடுவார்கள் என்பது என் கவலை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியதும் சத்தம் சீராகி, வண்டி டவுனுக்குள் ஓடிவிடும். வால்வுகள் மட்டும் தவறான நேரத்திலேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதும் மலையில் வண்டி திணறுவதும் பின்னால் தெரியவரும்போது பெல்ட்டின் மீது யாருக்கும் சந்தேகம் எழாது. கோட்டுக்கே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பேட்டரி ஒயரைக் கழற்றி, முன் சக்கரத்தை எடுத்து, பிளக்குகள் இல்லாமல் கிராங்க் போல்ட்டில் ராட்செட்டை மாட்டிக் கையாலேயே சுற்றினோம். ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. பல எஞ்சின்களில் டைமிங் அதிகம் தவறினால் பிஸ்டன் போய் வால்வில் மோதிவிடும். கையால் சுற்றினால் தடை ஏற்பட்டதும் நிறுத்திவிடலாம். சுற்ற வேண்டியது எஞ்சின் ஓடும் திசையில்தான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும் என்பதால், இரண்டு குறிகளும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒருசேர நேராக வரும்.

கிராங்க் புல்லியின் புள்ளி, ஆயில் பம்ப் மேல் உள்ள அம்புக்குறிக்கு நேராக நின்றது. அப்போது கேம் புல்லியின் குறி, அதன் பின்னால் உள்ள V வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். பானட்டின் மேலிருந்து குனிந்து பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. பெல்ட் மாட்டிய அன்று எடுத்த போட்டோவிலும் அப்படியே இருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்து, குறியில் வெள்ளை மை தொட்டு வைத்து, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைப் புல்லிக்கு எதிரே பிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது: குறி V வெட்டை எட்டாமல், சரியாக ஒரு பல் பின்னால் நிற்கிறது. வெட்டு, புல்லியின் பின்னால் சற்று உள்வாங்கி இருப்பதால் மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு அந்த ஒரு பல் மறைந்துவிடுகிறது. ஒரு பல் தானே என்று விட்டுவிட முடியாது. கிராங்க் புல்லியில் 20 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கிராங்கின் சுழற்சியில் 18 டிகிரி.

பல் எப்படித் தள்ளியது என்பதும் பிரித்தபோது விளங்கியது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்போது மற்ற இரண்டில் ஏதேனும் வால்வு திறந்தே இருக்கும். அந்த வால்வின் ஸ்பிரிங் கேமைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், பெல்ட்டைக் கழற்றியதும் புல்லி தானாகவே சற்று நகர்கிறது. டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளை) இல்லாத பக்கம் பெல்ட் தளர்ந்து உட்கார்ந்தால், கிராங்க் அந்தத் தளர்வை இழுத்து முடித்த பிறகே கேமைத் திருப்பும். கேம் பின்தங்குவது அங்கேதான்.

டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டைக் கேம் புல்லியிலிருந்து மட்டும் நழுவவிட்டு, அக்கா மகன் ஸ்பானரால் கேமைக் குறியில் பிடித்துக்கொள்ள, நான் டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக இழுத்தபடியே பெல்ட்டை மாட்டினேன். தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர்ந்தது. அதன் ஸ்பிரிங் பெல்ட்டைத் தானாக இழுத்துக்கொள்ள விட்டு, இரண்டு சுற்று சுற்றிய பிறகே போல்ட்டை இறுக்கினோம். மீண்டும் இரண்டு சுற்று சுற்றிக் கண்ணாடியில் பார்த்தபோது, இரண்டு குறிகளும் நேராக நின்றன.

கம்ப்ரஷன் மூன்றிலும் 150-ஐத் தொட்டது. வேக்யூம் 18.

நவம்பர் 15, சனி

தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை வைத்துச் சரிபார்த்தோம். பழைய சாக்பீஸ் கோட்டிலேயே டிஸ்ட்ரிபியூட்டர் சரியாக இருந்தது. பிறகு நாகலூருக்குக் கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே ஏறியது வண்டி.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை அருகே ஓரமாக நிறுத்தி, வேக்யூம் கேஜை மீண்டும் மாட்டினேன். 14 காட்டியது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும் என்பதால், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே நான்கு அங்குலம் இறங்குவது சரியான கணக்கு. ஏற்காட்டில் நல்ல எஞ்சின் காட்டும் அளவும், சேலத்தில் ஒரு பல் தவறிய எஞ்சின் காட்டிய அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. மலையில் வண்டி வைத்திருப்பவர்கள், பெல்ட்டை மாற்றும் முன்பே தங்கள் ஊரில் வேக்யூமையும் கம்ப்ரஷனையும் அளந்து குறித்து வைத்துக்கொள்வது நல்லது. புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பினால், நன்றாக இருக்கும் எஞ்சினைப் பிரிக்கவும் நேரலாம், கெட்டதை அப்படியே விட்டுவிடவும் நேரலாம்.

பெல்ட் கவரின் ஓர ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. மலைப்பாதைச் சேறு உள்ளே போகாமலிருக்க, திங்கட்கிழமை டவுனுக்குப் போய்ப் புதிது வாங்க வேண்டும்.