ஒரே பையனுக்கு மூன்று நம்பர்

அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடுகளுக்கான ஆய்வு மையத்தை ஒருங்கிணைக்கிறேன் என்றால், நான் ஏதோ லேபில் இருப்பதாக நினைக்கிறார்கள். என் லேப் எக்ஸெல்தான். மையத்தில் சேர்ந்திருப்பவை மூன்று நிறுவனங்கள்: கோவையில் மருத்துவக் கல்லூரி, ஈரோட்டில் சிறப்புப் பள்ளி, சேலத்தில் மரபணு ஆய்வகம். மூன்றுக்கும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு தனித்தனி, ஒரே பிள்ளைக்குப் பதிவு எண்ணும் தனித்தனி. ஓரிடத்தில் பிறந்த தேதி இருக்கும். இன்னோரிடத்தில் 'வயது 8' என்று மொட்டையாக. அன்றாட வேலைகளைப் பிள்ளை வயதுக்கேற்பச் செய்கிறதா என்று பார்க்கும் சமூக முதிர்ச்சி அளவுகோலுக்கு வயது மாதக் கணக்கில் வேண்டுமே, எங்கே போவது?

அமெரிக்காவில் இத்தகைய மையங்களுக்கு 1963-லேயே சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கினார்கள். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, சரி. ஆராய்ச்சிக்குக் காசு தேடுவது தனிக் கதை.

நேற்று சோமனூரிலிருந்து தறி ஓட்டும் அக்கா ஒருவர் மகனோடு வந்திருந்தார். "ஏனுங்க மேடம், போன மாசந்தானுங்களே ரத்தம் எடுத்தீங்க, மறுக்காவுங்களா?" எடுத்தது மூன்றில் இன்னொரு நிறுவனம். பையன் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஜம்மென்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஊசி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பழைய மாதிரியைப் பகிர முடியுமா என்று அந்த ஒப்புதல் படிவத்தைத் தேட வேண்டும். பகிர்வதற்கும் அம்மா சம்மதித்திருந்தால்தான் அது செல்லும். திங்கட்கிழமை மூன்று தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறேன். யாராவது ஒருவருக்கு எப்போதும் தேர்வுப் பணி வந்துவிடுகிறது.