டிஎஃப் ஒன்று சொல்லும், டியூ வேறு சொல்லும்

"சேவ் ஆகவில்லை, இடம் இல்லை என்கிறது" என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் அடிப்பது டிஎஃப் (df), டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளை. எங்கள் அலுவலக சர்வர் சின்னதுதான். சாம்பா வழியாகக் கோப்புப் பகிர்வு, ஒரு டேட்டாபேஸ், இரவில் பேக்கப், அவ்வளவே. அன்று, லாக் போன்றவை சேரும் வார் (/var) பார்ட்டிஷன் 100 சதவீதம் என்று வந்தது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ (du) போட்டால் அதில் பாதிகூடக் கணக்கில் வரவில்லை.

இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அழித்த பிறகும் திறந்தே கிடக்கும் கோப்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். யூனிக்ஸில் கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை எடுப்பது பெயரை மட்டும்தான். அளவு, உரிமையாளர், டேட்டா இருக்கும் இடம் எல்லாம் ஐநோடு (inode) என்ற, கோப்பைப் பற்றிய பதிவில் இருக்கின்றன. ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் இடத்தை விடுவிக்காது. டியூ டைரக்டரி டைரக்டரியாகப் போய்ப் பெயர்களை வைத்துக் கூட்டுவதால், பெயர் போன கோப்பு அதன் கண்ணில் படாது. டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே கேட்டுவிடுகிறது.

திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையோடு +எல்1 (+L1) சேர்த்து ஓட்டினால் இப்படிப்பட்ட கோப்புகள் மட்டும் வரும். வந்தது: லிங்க் எண்ணிக்கை (கோப்புக்கு மிச்சமிருக்கும் பெயர்கள்) 0, பெரிய லாக் கோப்பு, பெயருக்குப் பின்னால் 'டெலீட்டட்'. லாக்குகள் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொட்டேட் (logrotate) பழைய லாக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி, கடைசியில் அழித்திருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த நிரலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அது பழைய ஃபைல் டிஸ்கிரிப்டரிலேயே (திறந்த கோப்பைப் பிடித்திருக்கும் எண்) எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

ரீபூட் செய்தாலும் இடம் திரும்பக் கிடைக்கும். ஆனால் எல்லோருடைய வேலையும் நடுவில் நிற்கும், காரணமும் அப்படியே இருக்கும். அதனால் அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் லாக்ரொட்டேட் அமைப்பில் போஸ்ட்ரொட்டேட் (லாக்கை மாற்றிய பிறகு ஓடும்) பகுதி சேர்த்து, லாக்கை மறுபடி திறக்கச் சொல்லும் ஹப் (HUP) சிக்னலை அந்த நிரலுக்கு அனுப்ப வைத்தேன். ஹப் வந்தால் லாக்கை மறுபடி திறக்குமா என்று அந்த நிரலின் மேன் பக்கத்தில் (உதவிக் குறிப்பில்) பார்த்துக்கொள்வது அவசியம். திறக்காத நிரல்களுக்கு, லாக்கை நகலெடுத்துவிட்டு மூலக் கோப்பைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் (copytruncate) இருக்கிறது, ஆனால் நகல் எடுப்பதற்கும் கோப்பைக் காலி செய்வதற்கும் இடையில் எழுதப்படும் வரிகள் தொலையலாம். தணிக்கைக்கு வேண்டிய லாக்குகளுக்கு நான் அதை வைக்கவே மாட்டேன்.

இன்னொன்று. இஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிவைக்கும். மற்றவர்களுக்கு டிஸ்க் நிறைந்த பிறகும் ரூட்டால் எழுத முடியும். ஆகவே ரூட்டாக ஒரு கோப்பை எழுதிப் பார்த்துவிட்டு "இங்கே சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது, புகார் சொன்னவரின் கணக்கிலேயே சோதிக்க வேண்டும். டிஎஃப் காலி இடம் காட்டியும் எழுத முடியவில்லையா? டிஎஃப்புடன் மைனஸ் ஐ (-i) சேர்த்து ஐநோடுகளையும் பாருங்கள். குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடத்துக்கு முன்னால் ஐநோடுகள் தீர்ந்துபோகும்.