இசண்ட்ல்வானாவை மேட்டிலிருந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டண்டி ஊருக்குக் காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஜூலு நாட்டின் போர்க்களங்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இங்கேதான் இரவு தங்குகிறார்கள். காலையில் ஆர் 68 சாலையைப் பிடித்து நுகுத்து ஊரைத் தாண்டி, பெயர்ப்பலகை பார்த்துத் திரும்பினால், புல்வெளிக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு பாறைக் குன்று தெரியும். படுத்திருக்கும் சிங்கம் தலை தூக்கிப் பார்ப்பதுபோல இருக்கும். அதுதான் இசண்ட்ல்வானா. 1879 ஜனவரி 22 அன்று பிரிட்டிஷ் படை முகாம் ஒன்றை இந்நாட்டு ஆப்பிரிக்க மக்களான ஜூலுக்கள் இந்த அடிவாரத்தில் ஒரே நாளில் அழித்தார்கள்.

வருகிற பலரும் குன்றின் அடியில் வண்டியை நிறுத்தி, வெள்ளையடித்த கற்குவியல்களுக்கு நடுவே நடந்து, கல்வெட்டில் உள்ள ஆங்கிலேயப் பெயர்களைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் தோற்றவர்களின் கதை மட்டும்தான் கிடைக்கும். வென்றவர்களுக்கு இங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பவே 1999 வரை ஆனது. போரில் வீரம் காட்டியவர்கள் அணியும் 'இசிகு' என்ற கழுத்துமாலையை வெண்கலத்தில் பெரிதாக வார்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டாயம் நின்று பாருங்கள். ஆனால் அன்றைய பயணத்தை அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

வடக்கே இருக்கும் இன்யோனி மேட்டுவிளிம்பிலிருந்து தொடங்குங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, "முதலில் மேலே போக வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நேரே கற்குவியல்களுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். மேலே இருப்பது குடியிருப்புகளும் மேய்ச்சல் நிலமும். தெரிந்த ஆள் இல்லாமல் போவது மரியாதையும் இல்லை, வழியும் பிடிபடாது.

விளிம்பில் நின்றால் கீழே முகாம் இருந்த சரிவு கைக்கடக்கமாகத் தெரியும். இடப்பக்கம் அமாதுட்ஷானே என்ற கூம்புக் குன்று, அதற்கும் முகாமுக்கும் இடையே மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்கள். இப்போது முகத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். நிலம் மடிப்பு மடிப்பாகப் போகிறது. கீழே இருப்பவன் கண்ணுக்கு இந்த மடிப்புகளில் ஒன்றுகூட எட்டாது. முகாமிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், இங்வெபெனி பள்ளத்தாக்கில், 20,000 ஜூலு வீரர்களுக்குமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது எப்படி என்ற கேள்விக்கு இந்த இடமே பதில்.

அவர்கள் அரசன் செட்ஷ்வாயோவின் தலைநகர்ப் பகுதியிலிருந்து ஜனவரி 17 அன்று புறப்பட்டவர்கள். களைத்துப்போகாமல் மெதுவாக நடக்கும்படி அரசனே சொல்லி அனுப்பியிருந்தான். படைத்தலைவர் இன்ட்ஷிங்வாயோவுக்கு அப்போது வயது எழுபதை ஒட்டி. அவரும் படையோடு நடந்தே வந்தார். 22ஆம் தேதி நிலவு செத்த நாள், போருக்கு ஆகாத நாள் என்பதால் அன்று தாக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. விடியும் முன்பே பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்டு பாதிப் படையோடு தென்கிழக்கே ஜூலுக்களைத் தேடிப் போய்விட்டார். முகாமில் ஏறத்தாழ 1,700 பேர் மிஞ்சினார்கள். அகழி வெட்டவில்லை, வண்டிகளை வளையமாகக் கட்டவும் இல்லை. நண்பகல் வாக்கில் ஒரு குதிரைப் பிரிவு மாடுகளைத் துரத்திக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது. அதன் பிறகு எவராலும் நாள் பார்க்க முடியவில்லை.

ஜூலுக்களின் மாட்டுக்கொம்பு வியூகத்தைப் படத்தில் பார்த்தால் புரியாது, இந்த மேட்டிலிருந்துதான் புரியும். நடுவே 'மார்பு' நேராக இறங்கி எதிரியைப் பிடித்துவைக்கிறது. இடக்கொம்பு கூம்புக் குன்றைச் சுற்றிச் சமவெளியில் ஓடுகிறது. வலக்கொம்பு இசண்ட்ல்வானாவின் முதுகுப்புறம் போய், திரும்பும் சாலையை அடைக்கிறது. ஓட வேண்டிய தூரம் கொம்புகளுக்கே அதிகம் என்பதால் அந்த வேலை இளைஞர்களுக்கு. இடக்கொம்பில் ஓடியவை உவே, இங்கோபாமகோசி என்ற இளம் படைகள். தோட்டாப் பெட்டியின் திருகாணியைக் கழற்ற முடியாததால்தான் பிரிட்டிஷார் தோற்றார்கள் என்று இன்றும் சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை நம்பிவிட வேண்டாம். கொஞ்சம் ஆட்களைக் கொண்டு அளவுக்கு மீறி நீட்டிய வரிசை, பின்புறம் திறந்து கிடந்தது. இங்கிருந்து பார்த்தால் கண்ணாலேயே அளந்துவிடலாம். 1,300 பேருக்கு மேல் பிரிட்டிஷ் தரப்பில் மாண்டார்கள். அவர்களில் சில நூறு பேர் ஆப்பிரிக்கர்கள். ஜூலுக்களிலும் ஆயிரம் பேர் அளவுக்குப் போனார்கள்.

இந்த ஜூலுப் படைகளின் பெயர் 'அமபுத்தோ'. ஜூலு ஆட்சியின் மூச்சு இதில்தான் இருந்தது என்பேன். ஒரே வயதுக்காரர்களை, எந்தக் குலமானாலும், ஒரே பிரிவில் சேர்ப்பார்கள். அதனால் அவர்கள் ஊர்த்தலைவனின் ஆளாக இல்லாமல் அரசனின் ஆளாக வளர்வார்கள். போர் இல்லாத நாளில் அரசனின் வயலில் உழைப்பும் மாடு மேய்ப்பதும். அரசன் அனுமதித்தால்தான் திருமணம். அனுமதி கிடைத்தவர்கள் தலையில் 'இசிகோகோ' என்ற கருவளையத்தைச் சேர்த்துத் தைத்துக்கொள்வார்கள். ஜூலு அரசர் ஷாகா இதைக் கண்டுபிடித்தவர் அல்ல. பழைய வழக்கத்தை 1816க்குப் பிறகு இறுக்கி, சிறு குலமாக இருந்த ஜூலுவைப் பேரரசாக்கினார். 1878 டிசம்பர் 11 அன்று துகேலா ஆற்றங்கரையில் பிரிட்டிஷார் விடுத்த இறுதி எச்சரிக்கையும் குறிவைத்தது இதையே: படைமுறையைக் கலைக்க வேண்டும், வயது வந்தவர்கள் விருப்பப்படி மணம் செய்யலாம். எந்த ஜூலு அரசனாலும் இதற்கு ஒப்புக்கொண்டு அரசனாக நீடித்திருக்க முடியாது.

கேடயத்தை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது அருகில் போய்ப் பாருங்கள். ஒரு மாட்டுத்தோலில் இரண்டு கேடயம், பக்கத்துக்கு ஒன்று. நடுவே இரண்டு வரிசையாகக் கீறல் போட்டு, வேறு நிறத் தோல்வாரைக் கோத்து, பின்புறம் ஒரு கம்பைச் செருகியிருப்பார்கள். பெரியது 'இசிஷ்லாங்கு'. செட்ஷ்வாயோ காலத்தில் பரவிய சிறியது ஓட்டத்துக்கு வசதி. கேடயம் வீரனின் சொத்து அல்ல. அரசனின் மாட்டிலிருந்து வந்தது, எனவே அரசனுடையது. கடைகளில் தொங்கும் பதப்படுத்தாத தோல் கேடயத்தை வாங்கினால் ஊர் திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். கம்பியில் பின்னிய 'இம்பெங்கே' கூடை எளிது, அழகும் குறைவில்லை.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் இசண்ட்ல்வானாவிலிருந்து மண்சாலையில் 15 கிலோமீட்டர் அளவு. மழை பெய்திருந்தால் அந்த வழி வேண்டாம், சுற்றினாலும் தார்ச்சாலையே நல்லது. சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி பிரிட்டிஷ் தரப்பில் 150 பேர் அளவில் அன்று இரவெல்லாம் தாக்குப்பிடித்ததற்காக 11 விக்டோரியா சிலுவை வீர விருதுகள் கொடுக்கப்பட்ட இடம். தாக்கியது அரசனின் தம்பி தபுலமன்சி. எல்லை தாண்டக்கூடாது என்ற அரசனின் கட்டளையை மீறி வந்தவர். ஒரு மணி நேரம் போதும். பக்கத்திலேயே உள்ள கலைக்கூடத்துக்கு அதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். அசாரியா முபாதா என்ற ஜூலு ஓவியர் லினோ அச்சுப்படங்கள் செய்த இடம் அது.

அடுத்த நாள் பபனாங்கோ வழியாக உலுண்டி. நுகுத்துவிலேயே பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் சாலையில் மாடுகள் நிற்கும். கறுப்பு மாடு விளக்கொளியில் கடைசி நொடியில்தான் தெரியும். உலுண்டி ஊருக்கு வெளியேதான் ஒன்டினி, செட்ஷ்வாயோவின் தலைநகர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடில்கள் நீள்வட்டமாக இருந்த ஊர். 1879 ஜூலை 4 அன்று ஒரு மணி நேரத்துக்குள் போர் முடிந்தது, ஊருக்குத் தீ வைத்தார்கள். அந்தத் தீயே ஒரு நன்மை செய்தது. குடில்களின் மண் தரைகள் செங்கல்போல வெந்து இறுகிவிட்டன. நூறாண்டு கழித்து அகழ்ந்தவர்களுக்கு அந்தத் தரைகள் வட்ட வட்டமாகக் கிடைத்தன. அரச வளாகமான 'இசிகோட்லோ'வில் ஒரு பகுதியை அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

தேன்கூடு வடிவக் குடிலின் வாசல் இடுப்பளவுகூட இருக்காது. மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். எதிரே பின்சுவரை ஒட்டிய 'உம்சாமோ' முன்னோர்களின் இடம், அங்கே கால் நீட்டவோ பையை வைக்கவோ கூடாது. தரை புற்றுமண்ணை இடித்துச் சாணியால் மெழுகி, கல்லால் தேய்த்தது. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெயில் நேரத்திலும் குளிர்ச்சி தெரியும்.

அரசன் ஆகஸ்ட் 28 அன்று இங்கோமே காட்டில் பிடிபட்டான். நாடு 13 துண்டாக்கப்பட்டது. கேப்டவுனில் கைதியாக இருந்தபடியே வாதாடி, 1882இல் லண்டன் போய் விக்டோரியா அரசியைப் பார்த்து, அடுத்த ஆண்டு குறுகிப்போன நாட்டுக்குத் திரும்பினான். ஆறே மாதத்தில் சிபேபு என்ற தலைவனின் படை ஒன்டினியை மறுபடி எரித்தது. 1884 பிப்ரவரி 8 அன்று எஷோவேயில் இறந்தான். ஜூலு அரசை முடித்தது இந்த உள்நாட்டுச் சண்டைதான், அதற்கு விதை போட்டது 13 துண்டாக்கிய பிரிவினை. போர்க்களச் சுற்றுலாவில் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய குறை.

பெயர்களைச் சரியாகச் சொல்ல முயலுங்கள், முகம் மலரும். ஜூலுவில் மூன்று சொடுக்கொலிகள். இரக்கப்பட்டு நாம் உச்சுக் கொட்டும் ஒலிதான் அரசன் பெயரின் முதல் எழுத்து. மாட்டை ஓட்டக் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி இன்னொன்று. ஒருவரைப் பார்த்தால் 'சாவுபோனா', பலரை 'சனிபோனானி'. பெரியவர்களை 'பாபா', 'மாமா', பாட்டியை 'கோகோ' என்பார்கள். 'மாமா' இங்கே அம்மா, குழம்பிவிட வேண்டாம். எதையும் ஒரு கையால் நீட்டாதீர்கள். வலக்கையில் கொடுத்து, இடக்கையால் முழங்கையைத் தாங்குவதே மரியாதை.

காலம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. புல் தாழ்ந்து நிலம் தெளிவாகத் தெரியும், இரவில் நல்ல குளிர். ஜனவரி நினைவுநாளை ஒட்டி வருவதானால் புல் இடுப்பளவு, பிற்பகலில் இடி மின்னல். மேட்டிலிருந்து பகல் ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். கற்குவியல்கள் புதைகுழிகள், ஏறக்கூடாது. கீழே கிடக்கும் தோட்டா உறையைக்கூட எடுப்பது சட்டப்படி குற்றம்.

டர்பனுக்குக் கடற்கரை வழியாகத் திரும்புங்கள். குவாடுகூசா ஊருக்கு நடுவில் ஷாகாவின் நினைவுக்கல் இருக்கிறது. 1828இல் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்களே அவரைக் குத்திக் கொன்ற ஊர் இது. சுற்றிலும் கரும்புக்காடு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களைக் கொண்டுவந்தது இந்தக் கரும்புக்குத்தான். ஒன்டினி எரிந்தபோது இந்தக் கடற்கரையில் தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து க்ரூட்வில் ஆல்பர்ட் லுத்துலியின் ஊர். குடித்தலைவராக இருந்தவரை 1952இல் வெள்ளை அரசு பதவி நீக்கியது, அதே ஆண்டு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவரானார், 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்கு. அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகம். காலையிலேயே போய்விட்டால் மாலைக்குள் டர்பன் வந்துவிடலாம்.