கைமாறி வந்த இரும்புக் கவசம்: வலது தோள் முடிந்தது

வலது தோள்கவசம் இப்போது தடையின்றி அசைகிறது. கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து இடது தோளைத் தொட முடிகிறது. தலைக்கு மேல் உயர்த்தினால் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகின்றன. இறக்கினால் எங்கும் சிக்காமல் தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன. வேறொருவருடைய உடலுக்காகச் செய்யப்பட்டு என்னிடம் கைமாறி வந்த இந்தக் கவசத்தில், அசையும் உறுப்புகளுள் முழுமையாக முடிந்தது இது ஒன்றுதான். இடது தோள் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது.

கவசம், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மிலான் பட்டறைகளிலிருந்து வெளிவந்த பாணியைப் பின்பற்றிய நகல். மென் எஃகுத் தகடு; எங்கு அளந்தாலும் 1.2 மில்லிமீட்டர். அக்காலத்து அசல்களில் மார்பின் நடுப்பகுதி தடித்தும் பக்கங்களும் விளிம்புகளும் மெலிந்தும் இருக்கும், ஏனெனில் அடி எங்கே விழும் என்பதை அறிந்த கொல்லர்கள் எடையை அங்கேயே செலவிட்டார்கள். ஒரே கனமுள்ள தகட்டை வெட்டிச் செய்யும் நகல்களில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. அதை நான் திருத்தப் போவதுமில்லை. என்னிடம் உலையும் இல்லை, குழிந்த தகட்டை அடித்து வடிவம் மாற்றும் பழக்கமும் இல்லை என்பதால், தொடக்கத்திலேயே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டேன்: தோல்வார், துளை, ரிவிட் (தகடுகளைப் பிணைக்க, முனையை அடித்து விரிக்கும் ஆணி), வெளியே தெரியாத விளிம்பு ஆகிய நான்கில் மட்டுமே கைவைப்பது. முந்தைய உடைமையாளர் பூசியிருந்த அரக்கையும் அதன் அடியில் ஊர்ந்திருந்த துருவையும்கூட இன்னும் தொடவில்லை. மெருகு கடைசி வேலை. அதை முதலில் செய்தால் ஒவ்வொரு சுத்தியல் அடிக்குப் பிறகும் மறுபடி செய்யவேண்டி வரும்.

வேலை தோளில் தொடங்கவில்லை, இடுப்பில் தொடங்கியது. உடற்கவசத்தின் எடையில் பெரும்பங்கு தோளில் தொங்காமல், இடுப்பின் மிகக் குறுகிய இடத்தில் அமரவேண்டும். அந்த இடம் நாம் கால்சட்டையைக் கட்டும் இடமன்று, பக்கவாட்டில் சாயும்போது உடல் தானாக மடியும் இடம், அதாவது இடுப்பெலும்புக்கு மேலே, கடைசி விலாவுக்குக் கீழே. விற்பனைக்கு வரும் நகல்களில் பல, இதற்குக் கீழே இறங்கி இடுப்பெலும்பின் மேல் உட்காருகின்றன. சோதிப்பது எளிது: கவசத்தை அணிந்தபடி நாற்காலியில் அமர்ந்தால் மார்புத்தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழியை நோக்கி ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். என்னுடையது தாடையையே தொட்டது.

இங்கே மிலான் பாணி எனக்குக் கைகொடுத்தது. அதன் மார்புக்கவசம் ஒரே தகடு அன்று. மேல்மார்பைக் காக்கும் ஒரு தகடு, அதன்மேல் படிந்து வயிற்றைக் காக்கும் இன்னொரு தகடு, இரண்டையும் நடுவில் இணைக்கும் ஒரு வாரும் பக்கிளும். வயிற்றுத்தகட்டை மேலே ஏற்றினால் இடுப்புக்கோடும் கூடவே ஏறும். வாரில் புதுத் துளையிட்டு ஏற்றியபோது, மேல்மார்பின் புடைப்பில் முட்டி, 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர மறுத்தது. எனக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. ஆனால் மேல்மார்புத் தகட்டின் கீழ்விளிம்பு உள்ளே அதே இடத்தில்தான் நிற்கிறது, இப்போது அது குறுகிய இடுப்புக்குள் இறங்கி வயிற்றைக் குத்துகிறது. வெளியே தெரியாத அந்த விளிம்பைக் கத்தரித்து, அரத்தால் உருட்டி, தகட்டின் கூர்மை விரலுக்குத் தெரியாதவரை தேய்த்தேன். முதுகுத்தகடு எனக்கு வந்த நகலில் ஒரே துண்டு என்பதால், தோள்வார்களைக் குறுக்கி அதை மொத்தமாக உயர்த்தவேண்டியதாயிற்று. அதன் விலை பின்னால் தெரியும்: தலைக்கவசத்தின் வால்பகுதி பிடரிக்குக் கீழே இறங்கி வரும் வகை என்பதால், அண்ணாந்து பார்க்கும்போது உயர்ந்துவிட்ட முதுகுத்தகட்டில் அது இடிக்கத்தான் போகிறது.

இந்த அளவுகள் எல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கியை அணிந்துகொண்டு எடுத்தவை. அதை அணியாமல் எடுக்கும் எந்த அளவும் பயனற்றது. கைக்கவசங்கள் உடம்பில் நிற்பதே அந்த அங்கியில் கட்டும் கயிறுகளால்தான். தரையில் நின்று போரிடும் வீரனுக்குக் கவசம் பூட்டுவது எப்படி என்று பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பொன்று விளக்குகிறது. கட்டுக்கயிறுகளை, குறுக்குவில்லின் நாணுக்குப் பயன்படும் மெல்லிய முறுக்குநூலால் செய்து, செம்மான் பயன்படுத்தும் மெழுகைத் தடவவேண்டும், அப்போது அவை நீளவும் மாட்டா, அறவும் மாட்டா என்கிறது அது. முந்தைய உடைமையாளர் காலணிக் கயிறுகளைக் கட்டியிருந்தார். அவை இழுபட்டுத் தோள்கவசம் மெல்ல மெல்ல முழங்கையை நோக்கி இறங்குவதைப் பார்த்த பிறகு, மெழுகிட்ட சணல்நூலுக்கு மாறினேன். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவிட்ட உழைப்புக்கு ஈடாக வேறெதுவும் இவ்வளவு பலன் தரவில்லை.

இனி தோள். என் தோள்கவசத்தில் தோளை மூடும் பெருந்தகடும், அதன்கீழ் மேற்கையைச் சுற்றி வரும் நான்கு வளைதகடுகளும் உள்ளன. முன்னோரம் ஒவ்வொன்றிலும் ஒரு ரிவிட் அச்சாக நின்று தகட்டைத் திருப்பவேண்டும். நடுவில் உட்புறமாக ஒரு தோல்வார் எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கவேண்டும். பின்னோரத்தில் உள்ள ரிவிட் மட்டும் ஒரு நீள்துளைக்குள் வழுக்கி ஓடவேண்டும். கையை முன்னால் கொண்டுவரும்போது மேற்கையின் பின்புறம் நீள்கிறது. முன்னோரம் நிலைத்து நிற்க, பின்னோரம் விசிறி மடல்களைப் போல விரிந்து அந்த நீளத்தைத் தரவேண்டும். எனக்கு வந்ததிலோ முன்னும் பின்னும் குழல் ரிவிட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தன. கையைப் பக்கவாட்டில் தூக்கலாம். முன்னால் கொண்டுவந்தால் கவசம் முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்பி, பெருந்தகட்டின் விளிம்பு கழுத்தில் வந்து நிற்கும். கவசம் சிறியது என்று நினைத்தே முந்தையவர் விற்றிருக்கக்கூடும். அளவில் எந்தக் குறையும் இல்லை. ஓடவேண்டிய ஆணி ஓடவில்லை, அவ்வளவுதான்.

வழுக்கும் ரிவிட் ஆடம்பரக் கவசங்களுக்கு மட்டும் உரிய நுட்பமும் அன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணக் காலாட்படையினருக்கென்று மொத்தமாகச் செய்து விற்கப்பட்ட கவசங்களிலும் அது இருந்தது; 1512-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்காக புளோரன்ஸ் வணிகர் ஒருவரிடமிருந்து அத்தகைய 2,000 தொகுதிகள் வாங்கப்பட்டன. யாருக்கும் அளவெடுக்காமல் செய்த கவசம் பலருக்கும் பொருந்தவேண்டுமானால், அசையும் இடங்களில் இந்தத் தாராளம் இருந்தே ஆகவேண்டும். என் நிலையும் அதுவே.

நீள்துளையின் நீளத்தைக் கணக்குப் போட்டு முடிவுசெய்ய முயல்வது வீண்வேலை. பழைய ரிவிட்டுகளை உட்புறத்திலிருந்து அராவி, ஆணியை வெளியே தள்ளும் இரும்புக் கோலால் தட்டி எடுத்தபின், முன்னோரத் துளைகளில் 4 மில்லிமீட்டர் திருகாணிகளைத் தற்காலிகமாக மாட்டி, பின்னோரத்தை அவிழ்த்த நிலையிலேயே விட்டு, உள்ளங்கியோடு அணிந்து, கையை எல்லாத் திசைகளிலும் ஆட்டினேன். இரு எல்லைகளிலும் வெளித்தகட்டின் துளை வழியே உள்தகட்டில் எழுதுகோலால் குறியிட உதவிக்கு ஒருவர் தேவை. குறிகள் 6 மில்லிமீட்டரிலிருந்து 11 மில்லிமீட்டர் வரை தகட்டுக்குத் தகடு மாறின. அவை விளிம்புக்குச் செங்குத்தாகவும் அமையவில்லை. முன்னோர அச்சை மையமாகக் கொண்ட வட்டத்தின் சிறு வில்லாகச் சாய்ந்திருந்தன. இந்தச் சாய்வைப் பொருட்படுத்தாமல் நேராக வெட்டினால் ஆணி நடுவழியில் பக்கச்சுவரைக் கடித்து நின்றுவிடும். முதலில் ஒரு அட்டைத் துண்டில் வெட்டிப் பார்த்தபோதே அது விளங்கிவிட்டது.

துளையை உள்தகட்டில்தான் இட்டேன்; வெளித்தகடு எந்த நிலையிலும் அதை மூடிக்கொள்ளும். இரு முனைகளிலும் வட்டத்துளையிட்டு, இடையிலுள்ளதை ஊசி அரத்தால் எடுத்து, 4 மில்லிமீட்டர் ஆணிக்கு 4.5 மில்லிமீட்டர் அகலம் விட்டேன். இரு புறமும் எழும் பிசிறை எடுப்பதில் சோம்பல் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூட, சில அசைவுகளுக்குள் வெளித்தகட்டின் உட்புறத்தில் கோடு கீறத் தொடங்கிவிடுகிறது. உட்புறம் வரும் வாஷர், துளையின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும்.

ஆணியடிப்பது தனிக்கதை. வெளியே தெரியும் உருண்டைத் தலை நசுங்காமலிருக்க, ஓர் இரும்புத் தண்டின் முகத்தில் அதே அளவுக்குக் குழிவு கடைந்து, தண்டைப் பிடிப்பானில் நிறுத்தி, ஆணித்தலையை அந்தக் குழிவில் அமர்த்தி, உட்புறம் நீளும் முனையைச் சிறிய குண்டுச் சுத்தியலால் தட்டுகிறேன். வாஷருக்கு மேல் 3 மில்லிமீட்டர் நீண்டால் தாழ்வான, உறுதியான குமிழ் கிடைக்கிறது. அதற்குமேல் விட்டால் ஆணி சாய்ந்து மடங்குகிறது, குறைத்தால் பிடிக்கப் போதுமான உலோகம் இல்லை. பலமான சில அடிகள் ஆணித்தண்டையே துளைக்குள் பருக்கச் செய்துவிடும், அப்போது ஓடவேண்டிய ஆணி மீண்டும் பூட்டிக்கொள்ளும். மெல்லிய அடிகளாக, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினால்தான் தலை மட்டும் விரிகிறது. அடிப்பதற்கு முன் இரு தகடுகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையைச் செருகி, முடிந்தபின் எண்ணெயில் ஊறவைத்துக் கிழித்தெடுப்பது எனக்குப் பிடித்துப்போன உத்தி. அட்டை விட்டுச்செல்லும் இடைவெளியே அசைவுக்கான இடம். நடுவிலுள்ள தோல்வாரைத் தகடுகள் முழுமையாக விரிந்த நிலையில் வைத்து ரிவிட் செய்யவேண்டும். அப்போது விரிவின் எல்லையைத் தோல் தாங்கிக்கொள்ளும், ஆணி துளையின் முனையில் மோதாது.

பொருள்களைப் பற்றியும் சில சொற்கள். குழல் ரிவிட்டுகளை அசையும் இடத்தில் யாரும் போடவேண்டாம். உள்ளீடற்றவை என்பதால் அசைவில் தளர்ந்து ஆடத் தொடங்கும். செம்பு ஆணிகள் அடிப்பதற்கு இனிமையானவை, ஆனால் தகட்டோடு தகடு உரசும் இடத்தில் விரைவில் தேய்ந்துபோகும். வார்களுக்கு மட்டும் சரி. தோலில், குரோம் பதனிட்டது இழுபடும் தன்மையுள்ளது என்பதால், தாவரப்பட்டையால் பதனிட்ட தோலை வாங்கவேண்டும். பழைய கவசம் விற்போர் பெரும்பாலும் தம் உயரத்தை மட்டும் சொல்வார்கள், அதனால் பயனில்லை. தொண்டைக்குழியிலிருந்து இடுப்புக்கோடு வரையுள்ள நீளம், மார்பும் முதுகும் பூட்டிய நிலையில் இடுப்பின் சுற்றளவு, தகட்டின் கனம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்; அவற்றைவிட முக்கியமாக, உட்புறத்தின் ஒளிப்படங்களைக் கேட்கவேண்டும். வெளிப்புற மெருகு எதையும் சொல்லாது. ரிவிட்டின் உட்தலைகளைப் பார்த்தாலே செய்தவரின் கை தெரிந்துவிடும்.

அடுத்து முழங்காலுக்குக் கீழுள்ள கவசங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கெண்டைக்காலை ஒட்டியே வளைந்து இறங்கவேண்டிய உறுப்பு அது. வாரையோ துளையையோ மாற்றிச் சமாளிக்க இயலாது. எனக்கு வந்த இணை, கணுக்காலில் இறங்கிப் பாதத்தின் மேற்புறத்தை அறுக்கிறது. அதை விற்றுவிட்டு, கால்மூடிகள் இல்லாமல் தொடையும் முழங்காலும் மட்டும் காக்கும் அமைப்போடு சில காலம் நிற்கலாம். கையுறைகளின் விரல்தகடுகளையும் தோலிலிருந்து கழற்றிப் புதுக் கையுறைமேல் தைக்கவேண்டும். இரண்டும் இடது தோளுக்குப் பிறகுதான்.

அந்த இடது தோளில், பின்னோரத் துளைகளை யாரோ விளிம்பை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். மேலுள்ள இரண்டு வளைதகடுகளில் துளைக்கும் விளிம்புக்கும் இடையே 3 மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே நீள்துளை வெட்டினால் விளிம்பையே பிளந்துவிடும். பின்னோரத்துக்கும் தோல்வாரையே போட்டுப் பார்த்தேன். அசைவு கிடைக்கிறது, ஆனால் கையைத் தூக்கும்போது தகடுகளுக்கிடையே வாய் திறந்து உள்ளங்கி தெரிகிறது. பழைய துளைகளைப் பற்றவைத்து மூட என்னிடம் கருவி இல்லை. ஆகவே அந்த இரண்டு தகடுகளை மட்டும் புதிதாக வெட்டுவது என்று முடிவுசெய்திருக்கிறேன். அவற்றின் வளைவு ஒரே திசையில் செல்வது; குளிர்ந்த நிலையிலேயே தடித்த குழாயின்மேல் வைத்து வளைத்துவிடலாம் என்பதால், நான் வகுத்த வரம்பை இந்த ஓரிடத்தில் தளர்த்துகிறேன். வலது தோளின் தகடுகளை அட்டையில் பதித்து, அவற்றைத் திருப்பிப்போட்டு இடதுக்கான அச்சு வெட்டியாகிவிட்டது. பின்னோரத்தில் மட்டும் 8 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறேன். துத்தநாகம் பூசாத 1.2 மில்லிமீட்டர் தகடு கிடைத்ததும் வெட்டத் தொடங்குவேன்.