தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடி

பூர்வீக நிலத்தின் பட்டாவை மாற்றப் போனபோதுதான் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எங்களிடம் இல்லை என்பதே தெரிந்தது. அவர் காலமானது 1981-இல். ஊர்ப் பதிவேடுகளில் இரண்டு முறை தேடச் சொன்னோம். இல்லை. "பதியாமலே விட்டிருப்பாங்க, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) உத்தரவு வாங்கிப் புதுசா பதியுங்க" என்றார்கள். அப்பா சோர்ந்துவிட்டார்.

அத்தைதான் முடிச்சை அவிழ்த்தார். "உங்க தாத்தா உயிர் போனது என் வீட்டுலதானே?"

சொந்த ஊர் எதுவாக இருந்தாலும், உயிர் பிரிந்த இடத்தில்தான் இறப்பைப் பதிவார்கள். எங்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை. அத்தை வீடு நகராட்சிக்குள் இருந்தது. தகரப் பெட்டியில் கிடந்த கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதியும் கிடைத்தது.

நகராட்சியில் முதல் கேள்வியே "வாரிசுச் சான்று இருக்கா?" பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 17-ஆம் பிரிவை மனுவிலேயே எழுதியிருந்தேன். உரிய கட்டணம் செலுத்தினால் பதிவேட்டில் தேடச் சொல்லவும் நகல் பெறவும் யாருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இறப்புக்கான காரணத்தை மட்டும் நகலில் காட்டக்கூடாது. தாத்தாவுக்கு என்ன நோய் என்று அறிய எனக்கு ஆசை இருந்தது, அது கிடைக்கவில்லை. ஊரார் யாரும் கேட்டு வாங்கக்கூடிய தாளில் அது இல்லாமலிருப்பதே சரி என்று இப்போது படுகிறது.

அந்தத் தேதியில் பதிவு இல்லை. மனம் விட்டுப்போனது. பிறகுதான் உறைத்தது, தகவல் கொடுத்த நாளை வைத்துத்தானே வரிசை ஓடும்! அடுத்த சில வாரங்களின் பக்கங்களையும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். பதினாறு நாள் தள்ளி இருந்தது. தெரு, வயது எல்லாம் சரி. பெயர் மட்டும் வேறு. தகவல் கொடுத்த மாமா, எல்லாரும் கூப்பிடும் பெயரையே சொல்லியிருக்கிறார்.

திருத்தத்துக்கு 15-ஆம் பிரிவு. விவரம் அறிந்த இருவரின் உறுதிமொழியும் பழைய பத்திரமும் கொடுத்தோம். அலைச்சல்தான், ஆனாலும் நடந்தது. பழைய எழுத்தை அடிப்பதில்லை, அழிப்பதில்லை. ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் கையெழுத்திடுகிறார். பத்திரத்துப் பெயர் இப்போது ஓரத்தில் இருக்கிறது. மாமா சொன்ன பெயரும் அதே மையில் அப்படியே இருக்கிறது.