சாஃப்ட்வேர் வேலைய வாங்குனவங்க வேற ஆளுக்குக் கைமாத்தி விட்டா: எங்க கல்லுப் பட்டறையில நடந்தது

ஆத்தங்குடி பக்கம் எங்க குடும்பத்துக்கு டைல்ஸ் பட்டறை இருக்கு, ஊர்ல கல்லுன்னுதான் சொல்வோம். ஆர்டர், ஸ்டாக், பில்லு மூணும் ஒரே சாஃப்ட்வேர்ல வரணும்னு சென்னையில ஒரு கம்பெனிகிட்ட வேலைய குடுத்தோம், அவங்க எங்ககிட்ட சொல்லாம அத வேற ஒருத்தர்கிட்ட தள்ளி விட்டுட்டாங்க, வேலை பாதியில நின்னு போச்சு. அத எப்படி மீட்டு கொண்டு வந்தோம்னு எழுதுறேன். காரைக்குடி பக்கம் பலகாரம் போடுறவங்க, கண்டாங்கி சேலை விக்கிறவங்க, பழைய வீட்ட ஹோட்டலா நடத்துறவங்கன்னு பல பேரு இப்ப இந்த மாதிரி வேலைய வெளிய குடுக்குறாங்க, எங்கிட்ட போன் பண்ணி கேக்கவும் செய்றாங்க.

எங்க கணக்கு என்னன்னு முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா பிரச்சினை புரியாது. வாங்க வர்றவங்க சதுர அடியிலதான் கேப்பாங்க, பட்டறையில எண்ணிக்கையிலதான் போடுவாங்க. 12 இஞ்ச் கல்லுன்னா 100 சதுர அடிக்கு 100 கல்லு. 10 இஞ்ச்னா 144. 8 இஞ்ச்னா 225. பார்டர் கல்லுக்கு சதுர அடியே கிடையாது, நீளத்த மட்டும் அளக்குற ஓட்ட அடிதான், அதுலயும் மூலைக்கு தனிக் கல்லு. இது போக இன்னொண்ணு, எங்க கல்ல சூளையில வேக வைக்கிறதில்ல. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்தி, அது மேல காஞ்ச மணல் சிமெண்ட தூவி, அப்புறம் ஈரக் கலவைய போட்டு மட்டம் பண்ணி, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு, எடுத்து நெழல்ல காயவச்சுதான் கண்ணாடிய உரிச்ச மாதிரி அந்தப் பளபளப்பு வரும். அதனால இன்னைக்கு போட்ட கல்லு இன்னைக்கு ஸ்டாக் கிடையாது. இதெல்லாம் எழுதி, எக்ஸெல்ல அளவு வாரியா கணக்கு போட்டு, பார்டருக்கு தனி ஷீட்டு வச்சு சென்னை கம்பெனிக்கு அனுப்பியிருந்தோம்.

டெமோ பாக்க அழகாத்தான் இருந்துச்சு. கல்லு படம்லாம் சூப்பரா வந்துச்சு. ஆனா கேள்வி கேட்டா மட்டும் கோஆர்டினேட்டர் பொண்ணு "டீம்கிட்ட கேட்டு சொல்றேங்க"ன்னு சொல்லும், பதில் ரெண்டு நாள் கழிச்சு வரும், அதே கேள்விய திரும்ப கேட்டா வேற பதில் வரும். லாகின் கேட்டா "முடிச்சிட்டு மொத்தமா தர்றோம்"பாங்க. டீம்ல யாரு இருக்கா, ஒரு தடவ பேசலாமான்னு கேட்டதுக்கு கடைசி வரைக்கும் ஆளக் காட்டல. வேலை செய்ற ஆள காட்ட மாட்டேங்குறாங்கன்னா அந்த ஆளு அவங்க ஆபீஸ்ல இல்லன்னு அர்த்தம், இத நான் இப்ப கேக்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.

சோதிச்சுப் பாக்க கானாடுகாத்தான்ல ஒரு வளவு வீட்டு ஆர்டர உள்ள போட்டோம். 300 சதுர அடி, 10 இஞ்ச் கல்லு. ஸ்லிப் பிரிண்ட் ஆகி வந்துச்சு, 300 கல்லுன்னு. எங்க மேஸ்திரி கையில வாங்கி பாத்துட்டு "ஆத்தா, இது பத்தாது, 432 வேணும்"னுட்டாரு, மனக்கணக்குதான். சதுர அடியையும் கல்லு எண்ணிக்கையையும் ஒண்ணா எழுதி வச்சிருந்தாங்க, சைஸே கணக்குல இல்ல. இத யாரும் பாக்காம 300 போட்டு அனுப்பியிருந்தா 132 கல்லு குறையும், அத அப்புறம் போட்டு அனுப்பலாமேன்னு தோணும், ஆனா கையால கலர் கலக்குற வேலையில அடுத்த தடவ போடுறது ஒரு சாயல் மாறித்தான் வரும், முகப்புல நடுவுல ஒரு திட்டு தெரிஞ்சா அந்த வீட்டுக்காரங்க ஆயுசுக்கும் நம்மளத்தான் சொல்லுவாங்க. தொட்டியில ஊறிக்கிட்டு இருந்த கல்லையும் ரெடி ஸ்டாக்னு காட்டுச்சு.

இத கேட்டுக்கிட்டு இருக்கும்போதே சாஃப்ட்வேரே திறக்காம போயிடுச்சு. கம்பெனிக்கு போன் போட்டா சர்வர் பிரச்சினை, இன்னைக்கு சரியாயிடும்னாங்க. ஆகல. அப்புறம் எனக்கு தெரியாத நம்பர்ல இருந்து ஒரு தம்பி பேசுச்சு, திருச்சியில இருந்து. "அக்கா, உங்க சாஃப்ட்வேர எழுதுறது நான்தான், சர்வர் என் கார்டுலதான் ஓடுது, எனக்கு ரொம்ப நாளா பணமே வரல, இனிமே கட்ட முடியல"ன்னுச்சு. பேச்சுல திமிர் எதுவும் இல்ல, நெஜமாவே முடியாமத்தான் சொன்னுச்சு. எங்க எக்ஸெல்ல பாத்தியாப்பான்னு கேட்டேன். எக்ஸெல்லா, எனக்கு வாட்ஸாப்ல மூணு ஸ்க்ரீன்ஷாட்தான் வந்துச்சுன்னு சொல்லுச்சு. கல்லு அளவு பத்தி அந்தத் தம்பி நடுவுல இருந்த கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டிருக்கு, அவங்க எங்ககிட்ட கேக்காமலே எல்லாம் ஒரே சைஸுன்னு பதில் போட்டிருக்காங்க. எனக்கு அப்ப வந்த கோவம் இப்பவும் ஆறல. நாங்க அவ்வளவு பாடுபட்டு எழுதுனது அவங்க மெயில்லயே கெடந்திருக்கு.

எங்க ஆடிட்டர்கிட்ட போனோம். அவரு சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, கடைசி தவணை இன்னும் நம்ம கையிலதான் இருக்கு, அத அவசரப்பட்டு குடுத்துடாதீங்க. ரெண்டு, அந்தத் தம்பிக்கு நேரா பணம் போடாதீங்க, போட்டா கம்பெனிக்காரங்க எங்களுக்கு வரலன்னு தனியா கேப்பாங்க. மூணாவதுதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு: நம்ம காசு குடுத்ததுனால அந்த கோடு (code, சாஃப்ட்வேருக்கு எழுதுற நிரல்) நம்மளுது ஆயிடாதாம். 1957ஆம் வருஷத்து பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல கம்ப்யூட்டர் ப்ரோகிராமும் இலக்கியப் படைப்பு கணக்குலதான் வருதாம். 17ஆவது பிரிவுப்படி எழுதுனவருதான் முதல் உரிமையாளர், சம்பளத்துக்கு இருக்கிற ஊழியர் எழுதுனா முதலாளிக்குப் போகும், ஆனா வெளியாளா காண்ட்ராக்ட்ல எழுதுனா எழுதுனவர்கிட்டயே இருக்கும். மாத்தித் தரணும்னா 19ஆவது பிரிவுப்படி எழுத்துல, கையெழுத்தோட தரணும். அதுலயும் எத்தன வருஷத்துக்குன்னு எழுதலன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்குவாங்க, எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும். எங்களுக்கு சிங்கப்பூர், மலேசியா ஆர்டர்லாம் வர்றதுனால அத கவனமா எழுதச் சொன்னாரு. அந்தத் தம்பி கம்பெனிக்கு எதுவும் எழுதிக் குடுத்திருக்கலன்னா, கம்பெனி எங்களுக்கு எழுதித் தர்ற பேப்பருக்கு மதிப்பே கிடையாது, கையில இல்லாதத எப்படி குடுக்க முடியும்?

ஆடிட்டர் எழுதிக் குடுத்த லெட்டர எடுத்துக்கிட்டு விடியக்காலையில பல்லவன் ரயில்ல ஏறி நானும் சித்தப்பாவும் சென்னைக்கு போனோம். சண்டை போட போகல. சித்தப்பா அங்க குரல ஒசத்தவே இல்ல, "நீங்களும் நல்லா இருக்கணும் தம்பி, எங்க வேலையும் முடியணும், அந்தப் பையனுக்கும் கூலி போகணும்"னு மட்டும் சொன்னாரு. லெட்டர்ல இருந்தது இதுதான்: கம்பெனிக்கு நாங்க தர வேண்டிய கடைசி தவணையில இருந்து அந்தத் தம்பிக்கு பாக்கிய நாங்களே நேரா குடுக்குறோம், அது கம்பெனிக்கு குடுத்ததா கணக்காகும், தம்பி முழு உரிமையையும் எங்களுக்கு எழுதித் தருது, கம்பெனியும் தன் பங்குக்கு எழுதித் தருது, சோர்ஸ் கோடு, பாஸ்வேர்டு எல்லாம் ஒப்படைச்ச பிறகுதான் மிச்சப் பணம். மொதல்ல முகம் சுளிச்சாங்க. ஆனா தம்பி கையெழுத்து இல்லாம அவங்களாலயும் வேலைய முடிக்க முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும், சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டாங்க.

ஒப்படைக்கிறதுதான் பெரிய பாடு. டொமைன், அதாவது வெப்சைட் பேரு, கம்பெனி பேர்ல இருந்துச்சு. அத மாத்த ஆத் கோடுன்னு ஒரு ரகசியக் குறியீடு வேணும், டாட் காம்னா ரிஜிஸ்ட்ரார் (அந்தப் பேர பதிஞ்சு குடுக்குற நிறுவனம்) அத 5 நாளைக்குள்ள குடுத்தாகணும்னு விதி இருக்கு, அத எடுத்து சொன்ன பிறகுதான் வேகமா நடந்துச்சு. ஆப் அவங்க ப்ளே ஸ்டோர் அக்கவுண்ட்ல இருந்துச்சு. நாங்க 25 டாலர் கட்டி எங்க பேர்ல அக்கவுண்ட் தொறந்து, ஆப்ப அழிக்காம அப்படியே அதுக்கு மாத்தி வாங்கினோம், ஏற்கனவே போட்டிருந்தவங்க போன்ல ஒண்ணும் கெடல. எஸ்எம்எஸ்தான் ரொம்ப நாள் இழுத்துச்சு, ஏன்னா டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018ஆம் வருஷத்து விதிப்படி அனுப்புற பேரையும் மெசேஜ் வாசகத்தையும் டிஎல்டிங்கிற டெலிகாம் கம்பெனிகளோட பதிவுத் தளத்துல பதியணும், அதையும் கம்பெனி தன் பேர்லயே பதிஞ்சு வச்சிருந்துச்சு. எங்க பான், ஜிஎஸ்டி எல்லாம் குடுத்து புதுசா பதிஞ்சோம். ஆன்லைன்ல பணம் வாங்குற பேமெண்ட் கேட்வேயோட ரகசிய சாவி கோடுக்குள்ளயே எழுதிக் கெடந்துச்சு, எத்தன பேரு கையில போயிருக்கும்னு யாருக்கு தெரியும், அத அன்னைக்கே மாத்தினோம். வாடிக்கையாளர் போன் நம்பர், அட்ரஸ் இருந்த டேட்டாபேஸ் காப்பிய அழிச்சிட்டோம்னு ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்கினோம். 2023ல வந்த தனிநபர் தரவுச் சட்டத்துல, நம்ம சார்பா வேற ஒருத்தர் தகவல கையாண்டாலும் பொறுப்பு நம்மளோடதுதான்.

ஜிஎஸ்டியையும் சொல்லணும். 18 சதவீதம் சேத்துதான் கம்பெனிக்கு கட்டியிருந்தோம், ஆனா ஒரு பில்லு எங்க 2பி-ல (நமக்கு பில்லு போட்டவங்க ரிட்டர்ன்ல ஏத்துனத ஜிஎஸ்டி தளத்துல காட்டுற பட்டியல்) வரவே இல்ல, அவங்க ரிட்டர்ன்ல ஏத்தல. அது வராம நம்ம அந்த வரிய கழிச்சுக்க முடியாது. அதையும் லெட்டர்ல ஒரு நிபந்தனையா போட்டு, அடுத்த மாசம் 2பி-ல பாத்துட்டுதான் மிச்சத்த விட்டோம்.

அந்தத் தம்பிய அப்புறம் திருச்சியில இருந்து வரச் சொல்லி பட்டறையில உக்கார வச்சோம். மேஸ்திரி கண்ணாடிய தொடச்சு, அச்ச வச்சு, மூணு கலர ஊத்துறத கிட்ட நின்னு பாத்துச்சு, தொட்டிக்குள்ள கைய விட்டு ஒரு கல்ல தூக்கிப் பாத்துட்டு "அக்கா, அப்ப ஸ்டாக்குக்கு மூணு நிலை வேணும், தொட்டியில, காயுறதுல, ரெடி"ன்னு தானாவே சொல்லுச்சு. நாங்க மாசக் கணக்கா மெயில்ல சொன்னது அரை மணி நேரத்துல வெளங்கிடுச்சு. மத்தியானம் சாப்பிட்டு அங்கயே லேப்டாப்ப தொறந்து 10 இஞ்ச், 8 இஞ்ச் கணக்க சரி பண்ணுச்சு, மேஸ்திரி பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு ஸ்லிப்பையும் சரி பாத்தாரு. மூலைக் கல்லு கணக்குல மட்டும் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் நடந்துச்சு, மேஸ்திரி சொன்னதுதான் சரி.

இப்ப அடுத்ததா வெளிநாட்டு பேக்கிங் லிஸ்ட் வேலைய காரைக்குடியிலயே அழகப்பாவுல படிச்ச ரெண்டு பிள்ளைங்ககிட்ட குடுத்திருக்கோம். ஒப்பந்தத்துல எழுதினது: எங்ககிட்ட எழுதி வாங்காம வேற ஆளுக்கு வேலைய குடுக்கக் கூடாது, குடுத்தா அந்த ஆளு பேரையும் அவரு உரிமைய எழுதிக் குடுத்த பேப்பரையும் எங்களுக்கு தரணும், கோடு முதல் நாள்ல இருந்தே எங்க அக்கவுண்ட்லதான் ஏறணும், ஒவ்வொரு தவணையும் பட்டறையில வச்சு ஓட்டிக் காட்டுன பிறகுதான். யாருக்காவது அந்த லெட்டர் மாதிரி வேணும்னா கேளுங்க, பேர எடுத்துட்டு குடுக்குறேன், உங்க ஆடிட்டர்கிட்டயோ வக்கீல்கிட்டயோ ஒரு தடவ காட்டிட்டு போடுங்க.