கைதி ரெஜிஸ்டர்ல பார்த்த பசங்க

நான் சென்னைல ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனில வேலை பார்த்தப்போ எங்க டீமுக்கு வந்ததெல்லாம் வெளிநாட்டு பழைய கையெழுத்து ஆவணங்கள்தான். வெளிநாட்டுக்காரங்க தங்களோட தாத்தா பாட்டன் யாருன்னு தேடுற வெப்சைட்டுக்காக ஸ்கேன பார்த்து டைப் பண்ணணும், ஒரே பக்கத்த ரெண்டு பேர் தனித்தனியா அடிப்போம், ரெண்டும் ஒத்துப்போகலன்னா க்யூசிக்கு, அதாவது தப்பு சரிபார்க்குற டீமுக்கு போகும். ரொம்ப நாள் சர்ச் ஞானஸ்நான பதிவா வந்துட்டு இருந்துச்சு, தூக்கம்தான் வரும். அப்புறம் ஒரு நாள் டாஸ்மேனியா கைதி ரெஜிஸ்டர் வர ஆரம்பிச்சுது.

டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவுக்கு தெற்கே இருக்கிற தீவு, அந்த காலத்துல அதுக்கு பேரு வான் டீமன்ஸ் லேண்ட். 1788ல முதல் கப்பல் கூட்டம் சிட்னில இறங்கினதுல இருந்து 1868 வரைக்கும் பிரிட்டன், அயர்லாந்துல இருந்து ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருக்காங்க, தண்டனை 7 வருஷம், 14 வருஷம், இல்லன்னா ஆயுள். அந்தமான் கதை கேட்டு வளர்ந்த நமக்கு தீவாந்தர தண்டனை புதுசில்ல, ஆனா தன் ஊர் பசங்களையே வெள்ளைக்காரன் இப்படி ஏத்தி விட்டான்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

பசங்கன்னா நிஜமாவே பசங்க. வயசு கட்டத்துல 12, 13, 14னு வரும். உயரம் கால் அங்குலம் கூட விடாம குமாஸ்தா எழுதியிருப்பான், நாலடி சொச்சம்தான் இருப்பானுங்க. முடி, கண்ணு, மூக்கு, தழும்பு, கைல பச்சை குத்தினது நங்கூரமா, எழுத்தா, புள்ளியா எல்லாம் இருக்கும். ஓடிப்போனா பிடிக்கணும்ல, அதுக்குத்தான் இவ்வளவும், போட்டோ இல்லாத காலம். அப்போ இங்கிலாந்து சட்டத்துல 7 வயசுக்கு கீழ இருந்தாத்தான் குற்றவாளி ஆக முடியாது, 7ல இருந்து 14க்குள்ளன்னா தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சான்னு காட்டணும், காட்டுறது ஒண்ணும் பெரிய கஷ்டமா இருந்த மாதிரி தெரியல.

டீ பிரேக்ல பக்கத்து சீட் அக்கா "பாவம்டா, ஒரு ரொட்டிய எடுத்ததுக்கு நாடு கடத்திருக்கானுங்க"ன்னு சொல்வாங்க. எல்லாரும் அப்படித்தான் நம்புறாங்க. ஆனா என் கைல வந்த பக்கங்கள்ல ரொட்டிய விட கைக்குட்டைதான் ஜாஸ்தி. பட்டு கைக்குட்டைக்கு லண்டன்ல நல்ல மார்க்கெட், ஃபீல்ட் லேன்ங்கிற சந்துல திருட்டு கைக்குட்டைய வரிசையா தொங்கவிட்டு வித்திருக்காங்க, சின்னப் பையன் கை பாக்கெட்டுக்குள்ள சுலபமா போகும். அது போக ஷூ, துணி, சீஸ். அதுவும் நிறைய பேருக்கு முதல் கேஸ் இல்ல, ஏற்கனவே சின்னச் சின்ன திருட்டுக்கு ஜெயில் போயிட்டு வந்தவங்க. இத சொன்னா அக்காவுக்கு பிடிக்காது. எனக்கென்னமோ நாலு தடவை மாட்டினவன்னு தெரிஞ்சப்போதான் பாவமா இருந்துச்சு, வெளிய வந்தா மறுபடி அதே தெரு, அதே கூட்டம், வேற எங்க போவான்.

இதெல்லாம் எனக்கு எப்படி தெரியும்னா, ரெஜிஸ்டர்ல ஒரு இடத்துல கைதி தன் குத்தத்த தானே என்ன சொன்னான்னு குமாஸ்தா எழுதியிருப்பான். என்ன திருடினேன், யார்கிட்ட, முன்னாடி எதுக்கு உள்ள போனேன்னு ஒண்ணு ரெண்டு வரி. மீதி எல்லாம் அவனப் பத்தி மத்தவங்க சொன்னது, ஜெயில் ரிப்போர்ட், கப்பலையே ஜெயிலா வச்சிருந்த இடத்து ரிப்போர்ட், புகையிலை வச்சிருந்தான், சர்ச்ல பேசினான், அதுக்கு இத்தனை அடி, தனி அறைல இத்தனை நாள் வெறும் ரொட்டியும் தண்ணியும். எங்க டெம்ப்ளேட்ல பேர், வயசு, கப்பல், கோர்ட், தண்டனை, அவ்வளவுதான். அவன் வாயால சொன்ன வரிக்கு கட்டமே இல்ல. டீம் லீடர்கிட்ட கேட்டேன், "ஃபீல்டுக்கு காசு குடுக்குறாங்கப்பா, குடுக்காததுக்கு நாம ஏன் அடிக்கணும்"னார். அவர சொல்லி குத்தமில்ல, டார்கெட் அவர் தலைல. நான் அடிக்காம படிச்சுட்டு உக்காந்திருப்பேன், அன்னிக்கு கவுன்ட் விழும்.

இந்த பசங்கள என்ன பண்றதுன்னு அங்க இருந்தவங்களுக்கும் தெரியல. பெரிய கைதிங்கள பண்ணைக்காரங்க வேலைக்கு எடுத்துக்குவாங்க, வேலை தெரியாத பொடியன யார் எடுப்பா? கவர்னர் ஜார்ஜ் ஆர்தர் காலத்துல, 1834ல, போர்ட் ஆர்தர் ஜெயிலுக்கு எதிர்கரைல பாயின்ட் பியூர்னு பசங்களுக்கு மட்டும் தனியா ஒரு ஜெயில் ஆரம்பிச்சாங்க, 1849ல மூடுறதுக்குள்ள சுமார் 3000 பேர் அங்க இருந்திருக்காங்க. தச்சு, செருப்பு தைக்கிறது, தையல், படகு கட்டுறது, கல் கொத்துறதுன்னு தொழில் கத்துக்குடுத்தாங்க. போர்ட் ஆர்தர் சர்ச்சுக்கு வேலைப்பாடு கல்லு கொத்தினதுல இவனுங்க கை இருக்கு, 1884ல தீப்பிடிச்சு கூரை போயும் சுவர் இன்னும் நிக்குது.

பாயின்ட் பியூர கூகுள்ல தேடினா ரெண்டு பையன் கைகோத்து பாறைல இருந்து கடல்ல குதிச்ச கதைதான் முதல்ல வரும். 1870கள்ல வந்த ஒரு நாவல்ல இருக்கிற காட்சி அது, ஜனங்க நிஜ சம்பவம்னே நம்பிட்டாங்க. குதிச்சவன ஞாபகம் வச்சிருக்காங்க, கல்லு கொத்தினவன யாரும் கேக்கல.

ஷிப்ட் முடிஞ்சதும் லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட் பதிவுகள நெட்ல படிக்க ஆரம்பிச்சேன், எல்லாம் ஃப்ரீ. ஜான் ஹட்சன்னு ஒருத்தன், புகைக்கூண்டு சுத்தம் பண்ற பையன், 1783ல ஒரு வீட்ல சட்டை, காலுறை, துப்பாக்கி எல்லாம் எடுத்தான்னு கேஸ், அப்போ வயசு 9. 7 வருஷம் நாடு கடத்தல். முதல்ல அமெரிக்காவுக்குன்னு கப்பல் ஏத்தினாங்க, அதுல கைதிங்க கலகம் பண்ணி கப்பல பிடிச்சுட்டாங்க, கடைசில 1788ல ஆஸ்திரேலியா. அப்புறம் கைதிங்கள அனுப்பின இன்னொரு தீவான நார்ஃபோக், அங்க 1791ல ராத்திரி 9 மணிக்கு மேல குடிசைக்கு வெளிய இருந்தான்னு 50 கசையடி.

அந்த பிராஜெக்ட் முடியுற சமயத்துல பார்க்ஹர்ஸ்ட் பசங்க பத்தி படிச்சேன். 1838ல இங்கிலாந்துல வைட் தீவுல பசங்களுக்குன்னே ஆரம்பிச்ச ஜெயில் அது, அங்க இருந்து 1842ல இருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பசங்கள அனுப்பினாங்க, ஆனா கைதின்னு சொல்லாம தொழில் பழகுற பையன்னு சொல்லி. ஆக்லாந்துக்கு ரெண்டு கப்பல் போச்சு, ஊர்க்காரங்க கத்தினாங்க, அதோட நின்னுச்சு. கைதின்னு பேர் வைக்கலன்னா இவனுங்க எந்த ரெஜிஸ்டர்ல வருவானுங்க, நமக்கு அந்த செட் வருமான்னு டீம் லீடர்கிட்ட கேட்டேன். "அது வேற கிளையன்ட் வச்சிருப்பான், நமக்கு அடுத்து யார்க்‌ஷயர் கல்யாண பதிவு"ன்னார்.